புதிய நகரில் குடியிருப்போர் நலச் சங்கம்: பதிவு செய்வது முதல் பொங்கல் விழா நடத்துவது வரை

மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறி, தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல், "நாமே ஒரு சங்கம் தொடங்கினால் என்ன" என்று பேசத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் நகரில் இந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, எந்தத் தாள் எப்போது வேண்டும், எந்த அனுமதிக்கு எவ்வளவு முன்னதாகப் போக வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. "இது இல்லையே, அது எங்கே" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

பதிவுச் சான்றிதழ் வாங்குவது ஒன்றும் பெரிய காரியமல்ல. வாங்கிய சங்கத்தை மூன்றாம் ஆண்டிலும் உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். சந்தா கொடுப்பவர்கள் சான்றிதழைப் பார்த்துக் கொடுப்பதில்லை. மழைக்கு முன் கால்வாய் தூர் வாரப்பட்டதா, பொங்கலுக்குப் பிள்ளைகள் ஓடி விளையாடினார்களா என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே சட்டப்படியான வேலைகளையும் பருவகால வேலைகளையும் ஒரே நாட்காட்டியில் பொருத்திக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு ஏற்ற மாதம் ஜூன். அப்போது தொடங்கினால் செப்டம்பருக்குள் சான்றிதழும் வங்கிக் கணக்கும் கைக்கு வந்துவிட வாய்ப்புண்டு. சங்கத்தின் முதல் வேலையாக மழைக்கால ஏற்பாடும் இரண்டாவதாகப் பொங்கல் விழாவும் அமையும்.

1. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தனி வீடுகள் கொண்ட நகர் என்றால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நிலைமை வேறு. அங்கே பொதுப் பகுதிகளில் ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் பங்கு இருப்பதால், 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் அவர்களுக்கென்று தனி விதிகளை வகுத்திருக்கிறது. நகருக்குள் இரண்டு மூன்று அடுக்குமாடிகள் இருந்தால், அவர்கள் தங்கள் கட்டடத்துக்குத் தனிச் சங்கம் வைத்துக்கொண்டு, தெரு சார்ந்த விஷயங்களுக்கு உங்கள் நகர்ச் சங்கத்தில் உறுப்பினராகலாம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால், லிஃப்ட் பழுதுக்கும் தெரு நாய்த் தொல்லைக்கும் ஒரே கூட்டத்தில் சண்டை நடக்கும்.

2. ஏழு பேர்

பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் தேவை. எல்லோரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஆனால் யார் அந்த ஏழு பேர் என்பதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆர்வத்தோடு முன்வருகிற முதல் ஏழு பேர் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அப்படியே பதிவு செய்துவிட்டால், "அது அந்தத் தெருக்காரர்களின் சங்கம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். அதன் பிறகு அடுத்த தெருவில் ஒரு ரூபாய்கூட வசூலாகாது. தெருவுக்கு ஒருவராவது இருக்கட்டும். பெண்கள் பெயருக்கு ஒருவர் என்றில்லாமல் பொறுப்போடு இருக்கட்டும். பகல் நேரத்தில் அலுவலகங்களுக்குப் போய்வரக்கூடிய ஓய்வுபெற்றவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இருவரைச் சேர்க்காதீர்கள்.

செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும்; பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மிகக்கூடாது. முதல் முறை ஓராண்டோ இரண்டாண்டோ என்று வைத்துக்கொள்வதே நல்லது.

3. துணை விதிகளை நீங்களே எழுதுங்கள்

சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் சட்டம்தான் துணை விதிகள் (பைலா). புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் தட்டச்சுக் கடையில் ஆயத்தமாக ஒரு துணை விதி வைத்திருப்பார்கள். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். அது வேறெங்கோ ஒரு விளையாட்டுக் கழகத்துக்கோ அறக்கட்டளைக்கோ எழுதியதாக இருக்கும். பின்னால் ஒரு தகராறு வரும்போது, "விதியில் என்ன இருக்கிறது" என்று எடுத்துப் பார்த்தால், உங்கள் நகருக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று இருக்கும். திருத்த வேண்டும் என்றால் பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, அதை மீண்டும் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஏழு பேரும் உட்கார்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு வெளிப்படையாக விடை எழுதிவிடுங்கள்.

உறுப்பினர் என்பவர் யார்? வீட்டுக்கு ஒருவரா, ஆளுக்கு ஒருவரா? வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு உண்டா? வீடு கட்டாமல் மனையை மட்டும் வைத்திருப்பவர் சந்தா தர வேண்டுமா? என் கருத்தைக் கேட்டால், வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைத்து, உரிமையாளர் எழுதிக்கொடுத்தால் வாடகைதாரர் அந்த வாக்கைப் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் நனைவது குடியிருப்பவர்தான்; பெங்களூரில் இருக்கும் உரிமையாளர் அல்ல.

கூட்ட அறிவிப்பு எப்படிப் போக வேண்டும்? பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு என்று எழுதுவது வழக்கம். அது அஞ்சலிலா, நேரிலா, வாட்ஸப்பிலா என்று விதியில் இல்லாவிட்டால், தோற்றுப்போன தரப்பு "எனக்கு அறிவிப்பே வரவில்லை" என்று முழுக் கூட்டத்தையும் செல்லாது என்று வாதிடலாம். "அறிவிப்புப் பலகையிலும், உறுப்பினர் பதிவேட்டில் கொடுத்துள்ள கைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்" என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

விழாச் செலவு எதிலிருந்து? மாதச் சந்தா பராமரிப்புக்கு, விழாவுக்குத் தனி நன்கொடை என்று பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால், "நாங்கள் விழாவுக்கு வருவதில்லை, எங்கள் பணத்தில் ஏன் பந்தல்" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து? தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர், அவர்களில் ஒருவர் கட்டாயம் பொருளாளர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு), சந்தா பாக்கி வைத்தவர் தேர்தலில் நிற்கலாமா, சங்கம் கலைந்தால் மீதிப் பணம் எங்கே போகும் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

4. விண்ணப்பமும் ஆவணங்களும்

பதிவுத் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, சங்கப் பதிவுக்கான விண்ணப்பத்தை உள்ளிட வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடலாம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், தரகர் சொல்லும் தொகையை நம்பாமல் இணையதளம் காட்டும் தொகையை மட்டும் கட்டி, ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் தொடங்கிய தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பானது. ஆகவே, தொடக்கக் கூட்டத் தீர்மானத்தில் ஆறு மாதம் முந்தைய தேதியைப் போட்டுப் பெருமைப்பட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கங்களைச் சொல்லும் விவரக் குறிப்பு, துணை விதிகள், ஏழு பேரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொழில், முகவரி, கையெழுத்து, அவர்களது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும், சாட்சிகளின் கையெழுத்து, சங்கத்தின் அலுவலகமாகக் காட்டும் வீட்டின் சொத்துவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது, அந்த வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம்.

தாள்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களே இருக்கும். ஆதாரில் முன்னெழுத்து பின்னால் இருக்கும், விண்ணப்பத்தில் முன்னால் இருக்கும். ஒருவர் தமிழில் கையெழுத்துப் போட்டு அடுத்த பக்கத்தில் ஆங்கிலத்தில் போட்டிருப்பார். ஏழு பேரையும் ஒரே மாலையில் ஒரே மேசையில் உட்காரவைத்து, எல்லாப் பக்கங்களிலும் ஒரே பேனாவில் கையெழுத்து வாங்குங்கள். பெயரைப் பொறுத்தவரை, ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரை ஒத்திருக்கவும் கூடாது; அரசு அமைப்போ என்று எண்ணவைக்கவும் கூடாது. "அண்ணா நகர்", "பாலாஜி நகர்" போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால், கிராமத்தின் பெயரையும் விரிவாக்கத்தின் பெயரையும் சேர்த்து மூன்று மாற்றுப் பெயர்களைத் தயாராக வைத்திருங்கள்.

விண்ணப்பம் போட்ட கையோடு இன்னொரு வேலையையும் செய்யுங்கள். மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலை வாங்கிவிடுங்கள். சென்னைப் பெருநகரப் பகுதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று சொல்வார்கள். அந்தத் தானப் பத்திரத்தின் நகல் சங்கத்திடம் இருந்தால், பூங்கா கேட்கும்போதும், பொங்கல் விழாவுக்கு அந்த இடத்தைக் கேட்கும்போதும், யாராவது வேலி போட்டு வளைக்கும்போதும் பேச்சு எளிதாகிவிடும்.

5. பான் எண், வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம்

சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்குங்கள். செலவு நூறு ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். பிறகு பதிவுச் சான்றிதழ், துணை விதிகளின் சான்றளிக்கப்பட்ட நகல், பான், கணக்குத் தொடங்கவும் கையெழுத்திடுவோரை நியமிக்கவும் நிறைவேற்றிய தீர்மானம், கையெழுத்திடுவோரின் ஆதாரும் படமும் ஆகியவற்றோடு வங்கிக்குப் போக வேண்டும். தீர்மானத்தின் வாசகம் ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், முதலில் வெறுங்கையோடு போய் அவர்களின் மாதிரியை வாங்கி வந்து, அதையே சங்கத்தின் கடிதத் தாளில் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். ரப்பர் முத்திரையையும் மறக்க வேண்டாம்.

அதுவரை பணத்தைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்க வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய வருமான வரிக் கணக்கில் அந்த வரவு தெரியும். நகரிலும் பேச்சு கிளம்பும். கணக்கு தொடங்கியதும் க்யூ.ஆர். அட்டை வாங்கி, கைப்பணம் தருபவர்களுக்கு வரிசை எண் அச்சிட்ட ரசீது கொடுங்கள். நூறு வீடுகளில் மாதம் 100 ரூபாய் என்றால், காகிதத்தில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வர வேண்டும். முதலாண்டில் அதில் பாதியை நம்பி வரவு செலவுத் திட்டம் போடுங்கள். மீதி வந்தால் லாபம். மாதாமாதம் வீடு வீடாகப் போவதைவிட, ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டுச் சந்தாவாக வாங்குவது கால் வலியையும் மனவலியையும் குறைக்கும்.

6. சங்கச் செய்தி: எது, எங்கே, எப்போது

வாட்ஸப் குழுவைத் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். அதை அடக்குவதற்கு ஓராண்டு போதாது. இரண்டு குழுக்கள் வையுங்கள். ஒன்றில் செயலாளரும் துணைச் செயலாளரும் மட்டும் பதிவிட முடிய வேண்டும், அது அறிவிப்புக்கு. மற்றொன்று அரட்டைக்கு. காலை வணக்கப் படமும் அரசியல் காணொளியும் இரண்டாவதில் எப்படியோ போகட்டும். குடிநீர் லாரி வரும் நேரம் முதலாவதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கைபேசியில் செய்தி பார்க்காத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரின் நுழைவில், கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். மாதத்துக்கு ஒரு தாள் போதும்: நடந்த வேலை, அதற்கான செலவு, மாநகராட்சியிலோ மின்வாரியத்திலோ கொடுத்த மனுவின் எண்ணும் தேதியும், அடுத்த மாத நிகழ்ச்சி. "சாலை பற்றி அதிகாரிகளிடம் பேசியிருக்கிறோம்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்; மனு எண்ணை எழுதினால் நம்புவார்கள். சந்தா தராதவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் பணம் வராது, பகைதான் வரும்.

ஃபிளெக்ஸ் பேனர் ஆசையை விட்டுவிடுங்கள். பொது இடத்தில் அனுமதியின்றி வைப்பது சட்டப்படி குற்றம். அனுமதி வாங்கும் நடைமுறையும் ஒரு சிறு விழாவுக்குத் தகுந்ததல்ல. விழா நடக்கும் மதிலுக்கு உள்ளே ஒரு துணிப் பதாகை போதும்.

7. மழைக்கு முன்: ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை அறிவிப்பு வந்தாலே கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிற ஊர் இது. சங்கத்தின் மதிப்பு நிர்ணயமாவது இந்த மூன்று மாதங்களில்தான். ஆனால் வேலை ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

ஆகஸ்டில் நகர் முழுக்க நடந்து, எங்கே தண்ணீர் நிற்கும், எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது, எந்த மின்கம்பம் சாய்ந்திருக்கிறது என்று தெரு வாரியாகப் படமெடுங்கள். சென்ற ஆண்டு தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்பதை மதில் சுவரில் உள்ள கறையே காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் ஒரு அளவு நாடாவைப் பிடித்து அந்தக் கறையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அந்தப் படங்களோடு மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மனு கொடுத்து, ஒப்புகையை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதற்கும் கணக்கில்லை. அக்டோபர் பிறந்த பிறகு கொடுத்தால், அதே கோரிக்கையோடு மொத்த ஊரும் வரிசையில் நிற்கும். பதில் வராவிட்டால் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் பதியலாம். அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் "எங்கள் பகுதி வடிகால் எப்போது தூர் வாரப்பட்டது, செலவு எவ்வளவு" என்று கேட்டு எழுதலாம். சிலசமயம் பதில் வருவதற்கு முன்பே ஆள் வந்துவிடுகிறார்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. சங்கப் பணத்தில் தினக்கூலிக்கு ஆள் பிடித்துத் திறந்த மழைநீர்க் கால்வாயில் குப்பை அள்ளச் சொல்வது வேறு. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ ஆளை இறக்குவது வேறு. இரண்டாவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு. "அவரே சம்மதித்துத்தான் இறங்கினார்" என்பது எங்கும் எடுபடாது. நச்சு வாயு தாக்கினால் உயிர் போக நிமிடங்கள் போதும். கழிவுநீர் அகற்ற 14420 என்ற எண்ணை அழைத்து இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

செப்டம்பர் இறுதிக்குள் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்ச் சேகரிப்புக் குழியின் மணலையும் கல்லையும் எடுத்து அலசிப் போடச் சொல்லுங்கள். 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். ஆனால் பல வீடுகளில் குழாய் மட்டும் அழகாக இறங்கி வந்து சிமெண்ட் தரையில் முடிகிறது. தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள் யார் என்ற பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் பொறுப்பாளரின் கையில் மட்டும் இருக்கட்டும். குழுவில் போட வேண்டாம். பலகையில் ஒட்ட வேண்டியவை எண்கள்: சென்னை மாநகராட்சிப் பகுதிக்கு 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்புத் துறை 101. தண்ணீர் வடிந்த பிறகு வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், பூந்தொட்டித் தட்டு, டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொல்லி அறிவிப்புப் போடுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வரச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒருமுறை என்பது வெறும் சடங்கல்ல.

இடையில் தீபாவளி வரும். தமிழக அரசு பட்டாசுக்குக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று நேரம் வகுத்திருப்பதைப் பலகையில் ஒட்டினால் போதும். சங்கத்தின் பெயரில் தீபாவளிச் சீட்டு நடத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள், சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும், கையைச் சுடும்.

8. மார்கழிக் கோலமும் பொங்கல் விழாவும்

பொங்கல் விழாவைப் பொங்கலன்று வைக்காதீர்கள். புறநகரில் பாதி வீடுகள் அன்றைக்குப் பூட்டியிருக்கும். எல்லோரும் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள். மார்கழியின் கடைசி ஞாயிறு, அதாவது பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பொருத்தமான நாள். காலையில் கோலப் போட்டி, மாலையில் விளையாட்டும் கலை நிகழ்ச்சியும் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். பந்தல் வாடகையும் ஒரு நாளோடு போகும்.

அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு மாதம் முன்பு இடத்துக்கான அனுமதிக் கடிதம்: ஓ.எஸ்.ஆர். இடம் அல்லது பூங்கா என்றால் உள்ளாட்சியிடம், தனியார் மனை என்றால் உரிமையாளரிடம். இரண்டு வாரம் முன்பு காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கும் நிகழ்ச்சிக்கும் மனு. அதோடு இட அனுமதிக் கடிதம், நிகழ்ச்சி நிரல், பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் எண்ணும். சாலையை அடைத்துப் பந்தல் போடுவதாக இருந்தால் கேள்விகள் கூடும். கூடுமானவரை சாலையைத் தவிருங்கள். அதே வாரத்தில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு மனுச் செய்து முன்பணம் கட்டுங்கள். பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து கம்பி இழுப்பதும், தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவதும் வழக்கமாக நடப்பவைதான். பிடிபட்டால் அபராதம், ஈரத்தில் கசிந்தால் உயிர்ச் சேதம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நிகழ்ச்சி நிரலை 9 மணியோடு முடித்து எழுதினால்தான் 10 மணிக்கு உண்மையில் முடியும்.

கோலப் போட்டிக்கு முதல் நாள் இரவே தெருவின் ஒரு பக்கத்தில் வண்டிகளை எடுக்கச் சொல்லி, சுண்ணக்கட்டியால் நான்கடிக்கு நான்கடிக் கட்டங்கள் போட்டு எண் எழுதிவிடுங்கள். எண்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால், அவரவர் வாசலுக்கு எதிரே உள்ள கட்டம்தான் வேண்டும் என்பார்கள். மேடுபள்ளமான கட்டம் யாருக்கும் வேண்டாம். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் தெளித்து, ஆறிலிருந்து ஏழரை வரை நேரம் கொடுத்தால் போதும். வெயில் ஏறினால் தரை காய்ந்து பொடி பறக்கும். புள்ளிக் கோலம், ரங்கோலி இரண்டுக்கும் தனித்தனிப் பரிசு வையுங்கள். வண்ணப் பொடிக்கு முன்னால் வெள்ளைக் கோலம் எப்போதும் தோற்றுப்போகும், அது நியாயமல்ல. நடுவர்கள் கட்டாயம் வேறு நகரிலிருந்து வர வேண்டும்.

மாலையில் சாக்கு ஓட்டம், எலுமிச்சை கரண்டி, மியூசிக்கல் சேர், கயிறு இழுத்தல், உறியடி. உறியடிக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, பத்தடி தூரத்துக்குள் யாரும் வராமல் இருவர் நிற்க வேண்டும். கண்ணைக் கட்டியவர் கையில் கம்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். வெற்றி பெற்றவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம், கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பென்சில் பெட்டியாவது வாங்கிவிடுங்கள்.

செலவில் பெரியவை மூன்று: பந்தலும் நாற்காலியும், மைக் செட், உணவு. மூன்றுக்கும் இரண்டிரண்டு இடங்களில் எழுத்தில் விலை வாங்குங்கள். "பந்தல்" என்றால் மேடை, விரிப்பு, விளக்கு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கையைக் கடிப்பது அந்த ஏற்றுக்கூலிதான். கரும்பைச் சில்லறையில் வாங்காமல், பொங்கலையொட்டிக் கோயம்பேட்டில் கூடும் சிறப்புச் சந்தையில் கட்டாக வாங்குங்கள். பெயர் "சமத்துவப் பொங்கல்" என்று இருந்தால் எல்லா மதத்தவரும் வருவார்கள். மேடையில் கட்சிக்காரர்களுக்கு நாற்காலி போடுவதில்லை என்று முதலாண்டே முடிவெடுத்து, வார்டு உறுப்பினரை அந்தப் பொறுப்பில் மட்டும் அழைப்பது பின்னாளில் பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்று அறிவிப்பதோடு நிற்காமல், இரண்டு நாள் முன்பே ஓர் இடத்தில் பழைய பொருள்களைச் சேகரித்து உள்ளாட்சியின் வண்டியில் ஏற்றிவிடுங்கள். எடுத்துப்போக ஆள் இருந்தால் யாரும் எரிப்பதில்லை.

விநாயகர் சதுர்த்திக்குப் பொது இடத்தில் சிலை வைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வரும். அதற்கு இட உரிமையாளர் அல்லது உள்ளாட்சி, தீயணைப்பு, மின்வாரியம் ஆகியோரின் தடையின்மைச் சான்றுகளோடு காவல் துறை அனுமதி வேண்டும். சிலை உயரத்துக்கும் கரைக்கும் இடத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அதைச் சங்கம் நடத்தாமல், விரும்புபவர்கள் தனிக் குழுவாக நடத்துவதே உசிதம் என்பது என் கருத்து.

9. கோடையும் ஆகஸ்ட் 15-உம்

ஏப்ரல், மே மாதங்களில் வேலை குறைவு. நுழைவாயிலில் ஒரு தண்ணீர்ப் பந்தல், பிள்ளைகளுக்குச் சதுரங்கமோ கேரமோ, குடிநீர் லாரிக்கு வீடுகள் சேர்ந்து முன்பதிவு ஆகியவை போதும். அக்னி நட்சத்திர நாள்களில் பகல் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றத் தனி அனுமதி தேவையில்லை. காவி மேலே வர வேண்டும், கொடியில் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது, நீள அகலம் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும், கிழிந்த கொடி கூடாது. கம்பமும் கயிறும் முதல் நாள் மாலையே சரிபார்க்கப்படட்டும்.

10. ஆண்டுப் பொதுக்குழுவும் தாக்கலும்

விழாக்களின் பரபரப்பில் மறந்துபோவது இதுதான். சங்கங்கள் செயலற்றுப்போவதும் இதனால்தான். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதிலிருந்து ஆறு மாதங்களுக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்குக்கு ஒப்புதல் வாங்கி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிட வேண்டும். செயற்குழுவில் யாராவது மாறியிருந்தால் படிவம் 7-ஐயும் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால், பதிவாளரின் ஏட்டில் பழையவர்களே பொறுப்பாளர்களாக இருப்பார்கள். வங்கியும் புதிய கையெழுத்தை ஏற்காது. தாக்கல் தவறினால் தாமதக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே ஏப்ரலில் பில்களை ஒழுங்குபடுத்தி, மே மாதத்தில் தணிக்கையாளரிடம் கொடுத்து, ஜூன் இறுதியில் அல்லது ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை பொதுக்குழுவை வைத்துக்கொள்ளுங்கள். சிறு சங்கம் என்று சொன்னால் தணிக்கைக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் முதலில் கணக்கு, பிறகு தேர்தல், கடைசியில் பொதுக் குறைகள் என்ற வரிசையை மாற்றாதீர்கள். குறைகளை முதலில் எடுத்தால் கோரம் கலைந்துபோகும் வரை தெரு நாய்களைப் பற்றியே பேச்சு ஓடும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே தேநீர் கொடுங்கள்.

புதிய செயற்குழு வந்ததும் பழையவர்கள் ஒப்படைக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், முத்திரையிட்ட துணை விதிகள், தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், காசோலைப் புத்தகம், பான் அட்டை, மனுக்களின் ஒப்புகைக் கோப்பு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், ரப்பர் முத்திரை, பதிவுத் துறை இணையதளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். ஒவ்வொன்றையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இணையதளக் கணக்கு முன்னாள் செயலாளரின் சொந்தக் கைபேசி எண்ணில் இருந்தால், அவர் வீட்டை விற்றுக்கொண்டு போவதற்கு முன்பே அந்த எண்ணை மாற்றிவிடுங்கள்.